டயலில் விட்டுப்போன கோடு

பொட்டி எம் மடியிலயே இருக்கட்டும்ங்க அம்மிணி. மேல வெச்சா டிரைவர் பிரேக் போடறப்ப உருண்டு யார் தலைமேலயாவது உழுகும். உள்ள ஒன்னுமில்லீங்க. பெயிண்டு, பிரஷ்ஷு, வாட்ச்காரங்க கண்ணுல மாட்டற லென்ஸு, அவ்வளவுதான். நீங்க சன்னலோரம் தள்ளி ஒக்காருங்க, எனக்குக் காத்து ஆகாது. நான் காங்கேயத்துல எறங்கிருவேன். நீங்க? வெள்ளகோயிலா. சரி சரி.

உங்க வாட்ச்சத்தான் பாத்துட்டிருந்தேன், தப்பா நெனச்சுக்காதீங்க. தொழில் புத்திங்க. யாராச்சும் வந்தா மூஞ்சியப் பாக்கறதுக்கு முந்தி மணிக்கட்டப் பாப்பேன். வெள்ளை டயலு, நம்பர் இல்ல, தேதி காட்டற ஓட்டையும் இல்ல. நல்ல எடத்த சும்மா போட்டு வெச்சிருக்கறீங்க. நான் அதுல படம் வரையறவ. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

ஒப்பணக்கார வீதியில ஒரு வாட்ச் கடை. கடைக்காரரு ரஃபீக் பாய், வாட்ச்சப் பிரிச்சு, முள்ளையெல்லாம் எடுத்துட்டு, டயல வெறுந் தகடா என்கிட்டக் குடுத்து விடுவாரு. யார் மூஞ்சி வேணுமோ அவங்க போட்டோ போனுக்கு வந்துரும். புருசனுக்குப் பொண்டாட்டி மூஞ்சி, அப்பனுக்குப் பேரன் மூஞ்சி, சில பேருக்குக் குலசாமி. நான் வரைஞ்சு குடுத்தா அவரு முள்ளு மாட்டி மூடிக் குடுத்துருவாரு. நடுவுல முள்ளு மாட்டற ஓட்டை இருக்குது பாருங்க, மூஞ்சிய அதுக்கு நேரா வரையக்கூடாது. வரைஞ்சா மூக்குல ஆணி அடிச்சாப்பல ஆயிரும். மேல, பன்னண்டுக்கு அடியில வெக்கோணும். பன்னண்டு மணிக்கு ரெண்டு முள்ளும் சேந்து மூஞ்சிய மறைக்கும், அதுக்கு நான் ஒன்னும் பண்ண முடியாது. சித்த நேரம் பொறுத்தா வெலகிரும்.

என்ற வேலையப் பாத்தீங்கன்னா நெம்ப ஆச்சரியப்படுவீங்க. நானே சொல்லிக்கறேன்னு நெனைக்காதீங்க, ரஃபீக் பாயே சொல்லுவாரு. கண்ணிமை முடி தனித்தனியாத் தெரியும். பட்டுச் சேலைன்னா கரையில ஓடற சரிகை தெரியும். மூக்குத்தியில எத்தனை கல்லோ அத்தனையும் வெப்பேன். பிரஷ்ஷுல ரெண்டு மூனு முடிய விட்டுட்டு மத்ததக் கத்திரிச்சிருவேன். மூச்ச இழுத்துப் புடிச்சுட்டு ஒரு கோடு, விட்டுட்டு மறுக்கா இழுத்துட்டு ஒரு கோடு. வரைஞ்சதுக்கு மேல டம்ளரக் கவுத்து வெக்கோணும், தூசி உழுந்தா அந்த மூஞ்சிக்குப் பாறாங்கல்லு உழுந்த மாதிரி.

அப்பறம், வர்ற போட்டோவ அப்பிடியே வரைய மாட்டேனுங்க. யார்தான் அப்பிடி வரைவாங்க? கறுப்பா இருந்தா சித்த வெளுப்பாக்குவேன். பல்லு எத்தி இருந்தா உள்ள தள்ளிருவேன். கண்ணுக்கடியில பை தொங்குனா எடுத்துருவேன். கேட்டுட்டெல்லாம் செய்யறதில்ல, அது ஒரு மரியாதை. வாங்கிக் கட்டிக்கறவங்க சந்தோசமா இருக்கோணுமில்ல? ஒரே ஒரு ஆளு மட்டும் திருப்பிக் கொண்டாந்தான், அவங்க அப்பனுக்குக் கன்னத்துல மரு இருந்துச்சாம், அதக் காணாமாம். மரு இல்லாட்டி அது அப்பா இல்லீங்கன்னு கடையில நின்னுட்டு அழுகறான். பைத்தியக்காரன். மறுக்கா ஒரு மருவ வெச்சுக் குடுத்து அனுப்புனேன்.

எதுக்குச் சொல்றேன்னா, தாரணி விசயத்துலயும் நான் புதுசா ஒன்னும் செஞ்சரல. எல்லாருக்கும் செய்யறதத்தான் அவளுக்கும் செஞ்சேன்.

தாரணி யாருன்னா, என்ற அண்ணன் பொண்ணுங்க. அண்ணன் பொண்ணுன்னு சொல்றது வாய்க்குத்தான். என்ற வீட்டுக்காரரு போனதுக்கப்பறம் நான் அண்ணன் வீட்டுக்கு வந்த வருசந்தான் அவ பொறந்தா. மேலுதடு பொளந்து பொறந்தாளுங்க. இந்தா, இந்த எடத்துல, எடது பக்கம், மூக்குவரைக்கும். ஒறம்பரை, சொந்தக்காரங்கன்னு வந்தவங்கெல்லாம் அண்ணியத்தான் கேக்கறாங்க, கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியா, கத்திரிக்கோலத் தொட்டியான்னு. அண்ணி செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாங்க. பால் குடிக்க முடியாதுங்க அந்தப் புள்ளைக்கு. பாலாடைச் சங்குல ஊத்தி ஊத்தி, மூக்குல ஏறாம, சொட்டுச் சொட்டாக் குடுத்தது நானு. ஆசுபத்திரியில தெச்சப்ப வெளிய நின்னது நானு. பள்ளிக்கூடத்துல பசங்க என்னமோ பேரு வெச்சுக் கூப்புட்டப்ப, அவிங்க அம்மாமாரு கிட்டப் போயி சண்டை போட்டது நானு. அண்ணனுக்கு மில்லு சோலி, அண்ணிக்கு அழுகறது சோலி.

தெச்ச தழும்பு இருக்குதுங்க. மூக்கடியிலிருந்து உதட்டு வரைக்கும் ஒரு கோடு. சிரிச்சா உதடு அந்தப் பக்கம் சித்த மேல இழுக்கும். அவ்வளவுதான். தெனமும் தலை சீவி உட்டு, கண்ணாடி முன்னால நிக்க வெச்சு, ஒன்னுமே தெரியல கண்ணு, மகாலட்சுமியாட்ட இருக்கறீன்னு சொல்லுவேன். தெனமும் சொல்லுவேன். அந்தப் புள்ளை வாய மூடிச் சிரிச்சதே இல்லீங்க. எந்தப் போட்டோவுல பாத்தாலும் அத்தனை பல்லும் தெரியும். அது யாரால? என்னாலதான்.

காங்கேயத்துல கொப்பரைக் களம் வெச்சிருக்கற குடும்பம், பொண்ணு பாக்க வந்தாங்க. பையன் பேரு நவநீதன். தனியா ரெண்டு வார்த்தை பேசோணும்னான். பேசுங்கன்னு உட்டோம். நான் பக்கத்து ரூம்புல காப்பி டம்ளரு அடுக்கிட்டு இருந்தேன், காதுல உழுகுது. நேராக் கேக்கறானுங்க, அந்த உதட்டுல இருக்கறது எப்பிடியாச்சுங்கன்னு! கையில இருந்த டம்ளர அப்பிடியே வெச்சுட்டேன். என்ன பையன் இவன், வந்ததும் வராததுமா அதையா கேப்பாங்கன்னு. இவ என்ன சொல்றா தெரியுங்களா? "மேல இருந்து அவசரத்துல தைக்காம அனுப்பிட்டாங்க, பொறகு டாக்டரு தெச்சாரு. தையல் கூலி கொஞ்சம் சாஸ்தியாயிருச்சுங்க"ங்கறா. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. அன்னைக்கே முடிவாயிருச்சு. ஆனா எனக்கு அந்தப் பையன் மேல ஒரு வருத்தம் இருந்துட்டே இருந்துச்சு. நாசூக்குத் தெரியல பாருங்க.

மாப்பிள்ளைக்கு மோதரமும் வாட்ச்சும் பொண்ணு வீட்டுச் சீரு. அண்ணன் தங்கக் கலர்ல பட்டையா ஒன்னு பாத்து வெச்சாரு. நான்தான் சொன்னேன், அண்ணா, டயல்ல தாரணி மூஞ்சிய நான் வரைஞ்சு குடுக்கறேன், ஆயுசுக்கும் கையிலயே இருக்கட்டும்னு. தாரணி கேட்டுட்டுக் குதிக்கறா. "அத்தை, வாட்ச்சப் பாக்கறப்பெல்லாம் என்னைப் பாத்தாகோணும், பாவம் அவரு"ங்கறா. போட்டோவும் அவளேதான் எடுத்துக் குடுத்தா, நல்லாச் சிரிச்சுட்டு.

என்ற கையில அதுவரைக்கும் அப்பிடி ஒரு வேலை வந்ததில்லீங்க. நெத்திச் சுட்டி வெச்சேன். மல்லியப்பூவ மொட்டு மொட்டா வெச்சேன். கண்ணுல ஒரு வெளிச்சப் புள்ளி வெச்சதும் அப்பிடியே என்னைப் பாக்கறா. உதட்டுக்கு வந்தேன். சிரிக்கற உதடு. செவப்புத் தொட்டு மேலுதட்ட ஒரே இழுப்புல இழுத்தேன், வலதுபக்கமிருந்து எடதுபக்கம். நல்லா வந்துச்சு. வில்லு மாதிரி வந்துச்சு. பொறகு கோடு வெக்கோணும். பிரஷ்ஷ எடுத்தேன். கடுகு அளவு எடமுங்க அம்மிணி, அதுல ஒரு கோடு வெச்சு என்ன ஆகப்போகுது? யாருக்குத் தெரியப்போகுது? அந்தச் சின்ன எடத்துல அது தழும்பாத் தெரியாது, தூசியாத்தான் தெரியும். அப்பிடித்தான் நெனச்சேன். பிரஷ்ஷக் கழுவி வெச்சுட்டேன். கழுவறப்ப, எனக்கு என்ன சொல்றது, ஒரு நிம்மதி. அந்தப் புள்ளை பொறந்ததுலிருந்து நான் பாக்கோணும்னு நெனச்ச மூஞ்சி அதுதான்.

இல்ல, பாக்கோணும்னு நெனச்சதுன்னா, அப்பிடியில்ல. வாய் தவறிச் சொல்லிட்டேன். நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்.

கண்ணாலத்தன்னைக்கு மேடையில அண்ணன் வாட்ச்சக் கட்டி உட்டாரு. விசயம் தெரிஞ்சு ஒரே கூட்டம். போன்ல படம் புடிச்சுப் பெருசாக்கிப் பாக்கறாங்க. மாப்பிள்ளையோட பெரியம்மா ஒருத்தங்க, "பொண்ண விட டயல்ல பொண்ணு நல்லாருக்குது போ"ன்னு சத்தமா சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என்னைத்தான மெச்சறாங்க? தாரணி மாப்பிள்ளை கையப் புடிச்சு, கிட்டக் கொண்டாந்து, பாத்தா. பாத்துட்டே இருந்தா. பொறகு கைய உட்டுட்டு நிமிந்து ஒக்காந்துட்டா. ஓமப் புகை கண்ணுல பட்டிருக்கும்னு நான் நெனச்சேன்.

கண்ணால ஆல்பம் வந்துச்சுங்க. தாலி கட்டறதுக்கு முன்னால எடுத்ததுல பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுட்டிருக்கறா. வாட்ச் கட்டுனதுக்குப் பொறகு எடுத்ததுல ஒன்னுலகூட வாய் தொறக்கல. சாப்பாட்டுப் பந்தியில எடுத்ததுல கைய வெச்சு உதட்ட மறைச்சிருக்கறா. அந்தப் பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்துலயும் கெடையாதுங்க. பொண்ணுகளுக்குக் கண்ணாலமானா வெக்கம் வந்துரும்னு அண்ணி சொன்னாங்க. நானும் அதான்னு நெனச்சேன்.

ஆடி விருந்துக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. மாப்பிள்ளை கையில வாட்ச் இல்ல. எனக்குப் பொக்குனு போச்சு. கேக்காம இருக்க முடியல, ஏனுங் மாப்ள, வாட்ச் புடிக்கலைங்களான்னேன். அவரு நெளியறாரு. "நல்லாத்தான் இருக்குதுங்க அத்தை. ஆனா அந்தப் பொண்ணு எனக்குப் பழக்கமில்லீங்க"ன்னாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு சிரிச்சுட்டேன். அவரு சிரிக்கல.

நான் வடை சுட அடுப்புக்குப் போனேன். தாரணி பின்னாலயே வந்தா. அந்த வாட்ச்ச அவ கையில வெச்சிருக்கறா.

"அத்தை, மூக்குத்தியில ஏழு கல்லும் இருக்குதுங்க. பழைய லென்ஸ் ஒன்னு எனக்குக் குடுத்தீங்கல்ல, அத வெச்சு எண்ணுனேன்."

"ஆமா கண்ணு, ஏழுதான். ஒன்னு விட்டிருந்தாலும் என்ற மனசு கேக்காது"ன்னேன். பாருங்க, பெருமையாச் சொன்னேன்.

"அப்பறம் இது மட்டும் எப்பிடீங்க விட்டுப்போச்சு?"ன்னு உதட்டுமேல வெரல வெச்சா.

"அது... கடுகு அளவு எடம் கண்ணு."

"மூக்குத்தி கடுக விடப் பெருசுங்களா?"

எண்ணெய் காஞ்சிருந்துச்சு, வடையத் திருப்பப் போயிட்டேன். அவ விடல.

"தெரியலைன்னு அம்மா சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் அத்தை. நீங்க படம் வரையறவங்க. முடி பிசகுனாக் கண்டுபுடிப்பீங்க. உங்க கண்ணுக்கே தெரியலைன்னா நெசமாவே தெரியலைன்னு நெனச்சுட்டிருந்தேன். இத்தனை வருசமும். அவரு வந்து கேட்டாரு, எனக்கு ஒன்னுமே ஆகல. ஊர்ல எத்தனையோ பேரு கேட்டிருக்கறாங்க, ஒன்னும் ஆகல. அத்தைக்கே தெரியாதது இவங்களுக்குத் தெரிஞ்சா என்னன்னு இருந்தேன். தெனமும் தலை சீவறப்ப நீங்க அதத்தான பாத்துட்டிருந்திருக்கறீங்க?"

இல்லைன்னு சொல்லியிருக்கலாம். வடை கருகிப்போச்சு. அவ வாட்ச்ச முந்தானையில தொடச்சு எடுத்துட்டுப் போயிட்டா.

அதோட முடிஞ்சிருந்தாலும் பரவால்லீங்க. காலம் போனா ஆறிரும். இப்ப மாசமா இருக்கறா, அஞ்சு முடிஞ்சு ஆறு. ஸ்கேன் எடுத்திருக்கறாங்க. கொழந்தைக்கும் உதட்டுல பொளவு இருக்கற மாதிரித் தெரியுதாம். அண்ணி ஒக்காந்து ஒரே அழுகை. நான் அழுகல. நான்தான் தைரியமா போனப் போட்டேன். எடுத்தா. கொரலு தெளிவாத்தான் இருந்துச்சு. "தெச்சுக்கலாம் அத்தை, நான் பாக்காததா"ன்னா. நான் ஆறுதலுக்குத்தான சொன்னேன்? "நீ பயப்படாத கண்ணு, இப்பெல்லாம் உன்னுதாட்ட இல்ல, தழும்பு துளிகூடத் தெரியாமத் தெச்சுருவாங்க"ன்னேன்.

போன வெச்சுட்டா.

மறுநாளு அண்ணனக் கூப்புட்டுச் சொல்லியிருக்கறா, தலைப்பிரசவத்துக்கு அங்க வரலீங்கப்பான்னு. தாய் வீட்டுக்கு வரமாட்டாளாமுங்க! என்ன கொறைன்னு அண்ணன் கேட்டிருக்கறாரு. "கொறை ஒன்னுமில்லீங்கப்பா. அத்தை அங்க இருப்பாங்க. என்ற புள்ளைய முதல்ல அவங்க பாக்க வேண்டாம்"னுட்டாளாம். அண்ணன் இத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அண்ணிதான் சொன்னாங்க, சோறு போட்டுட்டே. சொல்லிட்டு, "நீ மனசுல வெச்சுக்காத சாந்தாமணி"ன்னாங்க. அவங்களுக்கு முட்டி வலி, கீழ ஒக்காந்து கொழந்தையக் குளிப்பாட்ட முடியாது. அந்தக் கொழந்தைக்கும் பாலாடையில குடுக்கற பக்குவம் தெரிஞ்சவ வீட்டுல நான் ஒருத்திதானுங்க. பழைய பாலாடைய வெளக்கி எடுத்து வெச்சிருந்தேன்.

நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? நீங்களே சொல்லுங்க. தெருவுல போறவங்க சொன்னதையெல்லாம் பொறுத்துக்கிட்ட புள்ளை, பெத்தவளுக்கும் மேல பாத்துக்கிட்ட நான் அழகா வரைஞ்சதப் பொறுக்க மாட்டாளா? அப்பிடீன்னு ஒரு கோவம் வருதுங்க. வந்த சுருக்குல போயிருது. போயிட்டா உள்ள ஒன்னு அரிச்சுட்டே இருக்குது.

அதான் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணுனேன். வாட்ச்சக் கொண்டாங்க, அந்தக் கோட்ட நான் வெச்சுக் குடுத்தர்றேன்னு. ரஃபீக் பாய்கிட்டக் கேட்டு, மூடியத் தொறக்கற சாமான்கூட வாங்கிட்டு வந்திருக்கறேன். எப்ப வர்றீங்கன்னு கேட்டாரு. பொறகு, "வாங்க அத்தை, பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். அவகிட்டச் சொல்லல"ன்னாரு. நல்ல மனுசன். அன்னைக்கு நாசூக்குத் தெரியலைன்னு நெனச்சேன், நேராக் கேக்கறவன்தான் நேராப் பாப்பானாட்டம் இருக்குது.

ஆனா ஒன்னு சொல்லட்டுங்களா அம்மிணி? வீட்டுல வெறுந் தகடு வெச்சு வரைஞ்சு பாத்தேன். வாரம் முழுக்க அதே வேலை. மூஞ்சிய வரைஞ்சு, உதட்ட வரைஞ்சு, அந்தக் கோட்ட வெப்பேன். ஒவ்வொரு தடவையும் நல்லா வந்துருதுங்க. மெல்லிசா, பொட்டுக்கு அடியில தீத்துன கோடாட்ட, ஒரு அலங்காரமா வந்துருது. அவளுக்கு அப்பிடி இல்லீங்க. தடிமனா இருக்கும். மூக்குத் தொளைய ஒரு பக்கம் இழுத்து வெச்சிருக்கும். உதடு எந்த எடத்துல மேடு, எந்த எடத்துல வழவழன்னு இருக்கும், எனக்குக் கண்ண மூடிட்டே தெரியும். அத அப்பிடியே வெக்கறதுக்குக் கை போகமாட்டேங்குது. கடைசி நேரத்துல நழுவி அழகாக்கிருது. ரஃபீக் பாய் ஒன்னப் பாத்துட்டு, இதுவும் நல்லாத்தான இருக்குதும்மாங்கறாரு. நல்லா இருக்கறதுதானுங்க பிரச்சனை. வேணும்னு பண்றனா, வராமப் பண்றனான்னு எனக்கே தெரியலீங்க.

அவ்வளவு வெறுப்பா அந்தத் தழும்பு மேல எனக்கு? பாலூட்டறப்ப வெரலால தொடச்சு தொடச்சு உட்ட எடமுங்க அது. வெறுப்பு இல்லீங்க. இல்லைன்னுதான் நெனச்சுட்டிருந்தேன்.

காங்கேயம் வந்துருச்சாட்டம் இருக்குது. ஆமா, பஸ் ஸ்டாண்டு திரும்புது. சித்தக் காலத் தள்ளிக்குங்க, நான் எந்திரிச்சுக்கறேன். மாப்பிள்ளை பைக்கு அந்தக் கடையோரம் நிக்கும்னாரு. எங்க... அதோ. அந்த நீலச் சட்டை.

அய்யோ. பக்கத்துல அவ நிக்கறாளுங்க. அந்தப் பச்சைச் சேலை, வயித்துல கைய வெச்சுட்டு. சொல்லலைன்னாரே. அவரு சொன்னாரோ, அவளா வந்தாளோ. பஸ்ஸத்தான் பாத்துட்டிருக்கறா. ஒவ்வொரு சன்னலாப் பாக்கறா.

அம்மிணி, நான் எப்பிடீங்க எறங்குவேன்? எறங்குன உடனே மூஞ்சியப் பாக்கோணுமே. பாத்தா என்ற கண்ணு நேரா உதட்டுக்குத்தான் போகும், இருவத்தாறு வருசமா அங்கதான் போயிருக்குது, இப்பத்தான் எனக்கே தெரியுது. போகாமப் புடிச்சு வெச்சேன்னா, புடிச்சு வெக்கறது அவளுக்குத் தெரிஞ்சுரும். வயித்தப் பாக்கலாம்னா அங்கயும் அதான் இருக்குது.

சொல்லுங்க அம்மிணி, எங்கதான் பாக்கட்டும் நான்?